நஞ்சம்மா, வயது ஐம்பத்தெட்டு

"எங்க காலேஜ் பொண்ணு யாராச்சும் இன்டர்வியூக்கு வந்திருக்குதா?"

ரிசப்ஷனில் யாரோ கேட்டது காதில் விழுந்ததும் அனுப்ரியா அப்படியே தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஜோதியம்மாள் மேடம். இரண்டு வருடமாக அவளுக்கு நர்சிங் பாடம் எடுப்பவர். "படிக்கிறப்ப வெளிய வேலைக்குப் போறது தெரிஞ்சா ஹால் டிக்கெட் கெடையாது" என்று போன வாரம்தான் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

அனுப்ரியாவுக்கோ வேறு வழியில்லை. சொந்த ஊரான பேரிகையில் அவள் அப்பா கங்கப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வருசம் படிச்சாச்சு. இந்தப் படிப்புக்கு ஆஸ்பத்திரியில எதனா ஒரு வேலை கெடைக்கும்னு காட்டு. இல்லாட்டி படிப்ப நிறுத்திட்டு, திங்கக்கெழமை கம்பெனி வேன்ல ஏறி வேலைக்குப் போ."

இன்று சனிக்கிழமை. ஓசூரை ஒட்டி மத்திகிரியில் இருந்த இந்தத் தனியார் ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு மட்டும் நர்சுகளும் வார்டு உதவியாளர்களும் வேண்டும் என்று போர்டு வைத்திருந்தது. கடவுளே கொடுத்த வேலை என்று நினைத்துத்தான் பஸ் ஏறி வந்தாள். கடவுள் மேடத்தையும் சேர்த்து அனுப்புவார் என்று யார் கண்டது?

பக்கத்தில் ஒரு வீல்சேர் காலியாக இருந்தது. சட்டென்று அதில் உட்கார்ந்தாள். மாஸ்க்கைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக் குனிந்தாள்.

வீல்சேர் நகர ஆரம்பித்தது.

"நஞ்சம்மா தான? ஸ்கேனுக்குக் கூப்புட்டாங்க" என்றான் பின்னாலிருந்து தள்ளிய அட்டெண்டர் செல்வம். "இங்கயே இருன்னு சொல்லிட்டுப் போனேன். நல்லவேள, எங்கயும் போவல நீ."

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மேடம் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். அனுப்ரியா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் லாவண்யா சீட்டைப் படித்தாள். "நஞ்சம்மா, அம்பத்தெட்டு வயசு. சர்க்கரை, பிபி எதனா இருக்குதாம்மா?"

தமிழ் தெரியாத மாதிரி நடித்தால் விட்டுவிடுவார்கள் என்று அனுப்ரியாவுக்குத் தோன்றியது. குரலை நடுங்கவிட்டு, தனக்குக் கன்னடம் மட்டும்தான் வரும் என்று கன்னடத்தில் சொன்னாள்.

"ஹௌதா? எல்லி நோவு?" என்று லாவண்யாவும் கன்னடத்துக்கு மாறினாள்.

எங்கே வலி என்று கேட்கிறாள். நஞ்சம்மாவுக்கு எங்கே வலியோ, யாருக்குத் தெரியும்? ஓசூரில் கன்னடம் பேசித் தப்பிக்க நினைத்த தன் புத்தியை நொந்துகொண்டு அனுப்ரியா தெலுங்குக்குத் தாவினாள். "நாக்கு தெலுகே வச்சு."

"எக்கட நொப்பி?" என்று அதையே தெலுங்கில் கேட்டாள் லாவண்யா அசராமல். மறுகணம் அவள் முகம் மாறியது. "செல்வம், இங்க வா. இப்பத்தான் கன்னடம் மட்டும் வரும்னாங்க. இப்ப தெலுங்கு மட்டும்ங்கறாங்க. கை வேற நடுங்குது. தலையில ஏதோ ஆயிருக்குது, டாக்டர வரச் சொல்லு!"

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா!" என்று அனுப்ரியா பதறினாள்.

"ஐயோ, இப்ப தமிழு!" லாவண்யாவே ஓடினாள்.

அடுத்த இரண்டாவது நிமிடம் அனுப்ரியா ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். டாக்டர் விமல்ராஜ் கண்ணில் டார்ச் அடித்தார். "மாஸ்க்க எடுத்துட்டுச் சிரிச்சுக் காட்டுங்க, வாய் கோணுதான்னு பாக்கணும்."

கதவுக் கண்ணாடி வழியாக மேடம் தெரிந்தார். வராந்தாவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வேகமாகப் போனார். தேடுகிறார்! அனுப்ரியா இரண்டு கைகளாலும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் இழுத்தார். வரவில்லை.

"ரெண்டு கையிலயும் நல்ல பலம் இருக்கு" என்றார் டாக்டர். "உங்களுக்கு என்ன வயசு?"

"பத்தொம்போது."

டாக்டரும் லாவண்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, இன்னிக்கு என்ன கிழமை?"

"சனிக்கெழமை. திங்கக்கெழமை வேன் வந்துரும் டாக்டர்!" அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

"உடனே எம்ஆர்ஐ எடுங்க" என்றார் டாக்டர்.

அப்போது வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "பேரிகை அனுப்ரியா! அனுப்ரியா இருக்கீங்களா? கடைசியாக் கூப்புடறேன்!"

ஹால் டிக்கெட்டா, கம்பெனி வேனா? யோசிக்க நேரமில்லை. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து ஓடினாள்.

"நஞ்சம்மா ஓடறாங்க! புடிங்க!" என்று லாவண்யா கத்தினாள்.

"யாரு ஓடறது? நான் இங்கதான இருக்கறேன்?" என்று பாத்ரூமிலிருந்து சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார் உண்மையான நஞ்சம்மா. "என் வண்டிய எவ எடுத்துக்கினு போனா?"

இன்டர்வியூ அறையில் நர்சிங் சூப்பரின்டெண்ட் நாராயணம்மா நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்க ஒரு பெண் எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால் டாக்டர், நர்ஸ், அட்டெண்டர் என்று ஒரு ஊர்வலமே வந்திருந்தது.

அனுப்ரியா ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். செல்வம் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தான். டாக்டர் எம்ஆர்ஐ சீட்டைச் சத்தமில்லாமல் கிழித்தார்.

நாராயணம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மூணு பாஷையும் நல்லாப் பேசுவியா?"

"பேசுவேன் மேடம். அதனாலதான் இவ்வளவும் ஆச்சு."

"வார்டுல வலின்னு எந்த பாஷையில சொன்னாலும் புரியணும். அப்படி ஒரு ஆளத்தான் தேடறேன். நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு." சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "நடந்து வா."

அனுப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசல்வரை வந்ததும்தான் மேடம் ஞாபகம் வந்தது. வெளியே போயாக வேண்டுமே! கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுச் செல்வத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, எங்க மேடம் போயிட்டாங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா."

செல்வம் தலையைச் சொறிந்தான். "நீயுமா? இன்டர்வியூக்கு வந்த அந்த டீச்சரம்மாவும், தன் காலேஜ் பொண்ணு எதனா பாத்துரப் போவுதுன்னு, அப்பலேர்ந்து பெட்ஷீட் ரூம்ல ஒளிஞ்சிகினு இதையேதான் கேக்குது."