புது நூலகத்துக்குப் புத்தகம் சுமந்தவர்கள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, பிள்ளைகள் எல்லோரும் நலம். எல்லோரும் ஒரே சமயத்தில் நலமாக இருப்பது எப்படி என்பதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. அங்கே தாங்களும் அக்காவும் மருமக்களும் நலமாக இருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பதால் மகிழ்ச்சி அடைகிறேன்.

நிற்க. நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிற சாக்கில் ஊரே ஒன்றுகூடிப் புத்தகம் திருடத் திட்டம் போட்டிருக்கிறது என்று தொலைபேசியில் ஒரு புகார் சொன்னேன் அல்லவா, அதை இன்ஸ்பெக்டர் என்ற முறையில் தாங்கள் எங்காவது பதிவு செய்திருந்தால் அருள்கூர்ந்து அடித்துவிடவும். தாங்கள் பதிவே செய்யவில்லை என்றும், நான் பேசிக்கொண்டிருந்தபோது போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் அக்கா சொன்னதாகத் தங்கள் தங்கை சொல்கிறாள். இருக்கட்டும். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் தவறு உண்டா இல்லையா என்று தாங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்தக் கட்டடம். எங்கள் பழைய நூலகம் தங்களுக்குத் தெரியும். உரக்கடை மாடியில் இருந்தது. ஏறினால் மூச்சு வாங்கும் மரப்படி. மழை பெய்தால் வரலாற்றுப் புத்தகங்கள்மேல் மட்டும் பார்த்து ஒழுகும் கூரை. ஆனால் என் மேஜை படிக்கட்டின் தலைமாட்டில் இருந்தது. என்னைத் தாண்டாமல் ஒரு ஈகூட உள்ளே போக முடியாது, போன ஈ எதையாவது எடுத்துக்கொண்டு வெளியே வரவும் முடியாது. அங்கே நாங்கள் கேட்டது ஒரு மின்விசிறி. விண்ணப்பம் போட்டுப் போட்டு என் கையெழுத்தே தேய்ந்துவிட்டது, பதில் இல்லை. கட்டடம் வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை, அது வந்துவிட்டது. கேட்டது வராமல் கேட்காதது வந்தால் மனிதனுக்குச் சந்தேகம் வருமா, வராதா? ஒப்பந்தக்காரர் சாவியைக் கொடுக்கும்போது சிரித்தார். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "சும்மாத்தான் சார், நல்ல காரியம் இல்லையா" என்றார். அவர் போனதும் ஒவ்வொரு கதவாகச் சோதித்தேன். கழிப்பறைக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும் என்பதை உள்ளே போய்ச் சாத்திய பிறகு கண்டுபிடித்தேன். கூப்பாடு போட்டதில் எங்கள் உதவியாளர் அம்மா ஓடிவந்து திறந்துவிட்டார். "இது இழுக்கிற கதவு சார். இவ்வளவு நேரமாத் தள்ளிக்கிட்டா இருந்தீங்க?" என்றார். அதை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. இது போதாது என்று மூலைக்கு மூலை கேமரா வேறு. அதன் திரை என் அறையில் இருக்கிறது. முதல் நாள் அதைப் போட்டுப் பார்த்தால், ஒரு வழுக்கைத்தலை ஆசாமி திருட்டுமுழி முழித்துக்கொண்டு ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். யாரடா அவன் என்று எழுந்தேன். அவனும் எழுந்தான்.

அடுத்து, புத்தகங்களைக் கொண்டுபோக வேண்டும். புது இடம் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் வண்டிக்குப் பணம் ஒதுக்கவில்லை. மேலதிகாரியைக் கேட்டால், "கட்டடத்துக்கு உத்தரவு வந்துச்சு, வண்டிக்கு வரலியே" என்கிறார். திறப்பு விழாவுக்கு முன் அவரே வந்து புத்தகங்களை எண்ணிப் பார்ப்பாராம். குறைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் இந்தத் தலைவலி. உதவியாளர் அம்மா என்னைக் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமை புத்தகம் சுமக்க வருகிறவர்கள் வரலாம் என்று வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டார். எவன் வருவான் என்று நான் சும்மா இருந்தேன். எங்கள் நூலகத்துக்கு வருகிற கூட்டம் எனக்குத் தெரியாதா? நாளிதழ் பார்க்க ஒருவர், அவருக்கு எதிரே உட்கார்ந்து தூங்க ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் தெரு நிறைய ஆட்கள். மச்சான், தாங்கள் எத்தனையோ கூட்டத்தைப் பார்த்தவர். சும்மா வா என்றால் வருகிற கூட்டத்தைக் கண்டதுண்டா? என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் முன்னால் நிற்கிறார். எங்கள் பக்கத்து வீட்டம்மா நிற்கிறார். சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பூட்டுகிற சலூன்காரர் எந்த ஊரிலாவது உண்டா? இன்னும் ஒன்று. எல்லோர் கையிலும் பை. ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக ஆளுக்கு நாலு புத்தகம் அமுக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். அப்போதுதான் உரக்கடையிலிருந்து தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் சவரத்தில் இருந்திருக்கிறீர்கள்.

சரி, நமக்கு நாமே போலீஸ் என்று ஏற்பாடு செய்தேன். பழைய படிக்கட்டில் உதவியாளர் அம்மா கட்டுக் கட்டாகக் கொடுப்பது. புது நூலகத்தில் வைத்துவிட்டுத் திரும்புகிறவர்களை வாசலில் நிறுத்திப் பையைச் சோதிப்பது என் வேலை. பெண்களைச் சோதிக்கத் தங்கள் தங்கையை நிறுத்தினேன். "எனக்கு மானம் போகுதுங்க. காலைலதான் அந்தம்மா வீட்டுல போய்ச் சர்க்கரை வாங்கிட்டு வந்தேன், இப்பப் பையைக் காட்டுன்னு எப்படிங்க கேக்கறது?" என்றாள். கடமைக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். அவள் பையில் கையை விடாமலே ஒவ்வொருவரிடமும், "இவரு குணம் தெரியுமில்ல, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். சோதனை என்பது இதுதானா, தாங்களே சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் தோளில் புடைத்த பையும் கையில் புத்தகக் கட்டுமாக உள்ளே போனார். திரும்பும்போது பை சப்பையாக இருந்தது. நிறுத்தினேன்.

"பை காலியா இருக்கே வாத்தியாரே."

"காலியாத்தானே இருக்கணும்? அதைத்தானே நீங்க பாக்கறீங்க?"

"போகும்போது நிறைஞ்சிருந்துச்சு. கட்டு உங்க கையில இருந்துச்சு. அப்பப் பையில என்ன இருந்துச்சு?"

"துண்டு."

"அந்தத் துண்டு எங்க?"

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேள்வி கேட்டே அழவைத்த மனிதர், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிறைந்த பை வெளியே போனால் திருட்டு. காலிப் பை வெளியே போனால் அது என்ன? இதற்கு ஏதாவது சட்டப் பிரிவு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே, வாசலைத் தங்கள் தங்கையிடம் விட்டுவிட்டு, என் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். பின்பக்க அலமாரியின் ஓரத்தில் சலூன்காரர் நிற்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், சட்டையைத் தூக்கி இடுப்புக்குள் கையை விடுகிறார். ஒரே ஓட்டமாக ஓடி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கையில் எங்கள் புத்தகம்.

"மாட்டிக்கிட்டீங்களா? எடுக்கத்தானே வந்தீங்க?"

"எடுக்கல சார். வைக்கிறேன்."

"என்னது?"

"வைக்கிறேன் சார். கையை விட்டீங்கன்னா வச்சிருவேன்."

அது குழந்தை வளர்ப்பு பற்றிய புத்தகம். அட்டை போய், காலண்டர் தாளில் புது அட்டை போட்டிருந்தது. "என் பொண்ணு பொறந்தப்ப எடுத்தது சார். போன மாசம் அவளுக்கே குழந்தை பொறந்திருச்சு" என்றார். இத்தனை காலம் ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்டேன். "கொண்டு வந்தேன் சார், ரெண்டு மூணு தடவை. பாதிப் படி ஏறும்போதே நீங்க கண்ணாடிக்கு மேல பார்ப்பீங்க. அப்படியே இறங்கிருவேன். அபராதம் எவ்வளவுன்னாலும் கட்டிரலாம், அந்தப் பார்வையை யாரு சார் தாங்கறது?" மச்சான், மாதம் ஒரு முறை இந்த மனிதரிடம் கழுத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கத்தி அவர் கையில். அவர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்.

அந்தக் கட்டடத்தில் ஒரு கோளாறு உண்டு. ஒரு மூலையில் முணுமுணுத்தால் மறுமூலையில் முழுதாகக் கேட்கும். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு கணக்கு வாத்தியார் வாசலிலிருந்து திரும்பி வந்தார். ஓர் அலமாரியைக் காட்டி, "அந்த மேல்தட்டுல இருக்கிறது நான் வச்சது. என் பையில இருந்து வந்தது" என்றார். பக்கத்து வீட்டம்மா பையிலிருந்து தையல் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அவ்வளவுதான், பைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அட்டை கிழிந்தது, எலி கடித்தது, நடுவில் மயிலிறகு வைத்தது, ஓரத்தில் பால்கணக்கு எழுதியது என்று மேஜை நிறைந்து நாற்காலிக்கு வந்து, நாற்காலி நிறைந்து தரைக்கு வந்துவிட்டது. கடைசியில் தங்கள் தங்கையும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, தாங்களும் கேட்க வேண்டாம்.

எனக்கு ஊரில் எக்ஸ்ரே என்று பெயராம். அன்றுதான் தெரியும். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. நூலகத்துக்கு ஏன் ஆள் வருவதில்லை என்று மேலதிகாரி கேட்டபோதெல்லாம் டிவி வந்துவிட்டது, செல்போன் வந்துவிட்டது என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். படிக்கட்டின் உச்சியில் நான் இருந்தேன் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அபராதமெல்லாம் ஒண்ணும் கிடையாது, வச்சிட்டுப் போங்க" என்றேன். "நிஜமாவா சார்?" என்று சலூன்காரர் கேட்டார். "நிஜமாத்தான்" என்றேன். அதை அவர் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் எனக்கு நன்றாக உறைத்தது. பாதிப் பேர் வீட்டுக்கு ஓடி, பையை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார்கள். பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்து தூசி தட்டினார்கள், கிழிந்ததை ஒட்டினார்கள். புதுக் கட்டடத்துக்கென்று வந்திருந்த புது முத்திரையை எடுத்துக்கொண்டு நானும் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் நீட்ட நீட்டக் குத்தித் தள்ளினேன். பக்கத்துக் கடைத் தேநீர் இரண்டு தடவை வந்தது. யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் மேலதிகாரி வந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது, கூடிப்போனால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லையாம். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இப்போது தினமும் நாற்காலி போதாமல் கூட்டம் வருகிறது. நான் மேஜையை வாசலிலிருந்து ஜன்னலோரத்துக்கு மாற்றிவிட்டேன். வருகிறவர்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மனிதர்கள்மேல் வீணாகச் சந்தேகப்படுவதை இன்றோடு விட்டுவிட்டேன் என்று தங்களுக்கு இதன்மூலம் உறுதி கூறுகிறேன். தங்கள் தங்கை இதைப் படித்துப் பார்த்து, பரவாயில்லை, அனுப்புங்கள் என்றாள்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். மருமக்களுக்கு ஆசிகள், நன்றாகப் படித்து நீண்ட காலம் வாழட்டும். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், சவரம் செய்யும்போது போனை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
நூலகர்.

பி.கு.: உறையில் போடும் முன் ஒரு செய்தி. தங்கள் தங்கை, திரும்பி வந்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவள், "இதென்னங்க, உள்ள வேற ஊரு முத்திரை இருக்கு?" என்று கேட்டாள். நூலகத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்ததில் முக்கால்வாசி பக்கத்து ஊர் நூலகத்தின் புத்தகங்கள். உதவியாளர் அம்மாவைக் கேட்டால், "உங்களுக்குப் பயந்துக்கிட்டு எல்லாரும் அங்கதானே சார் எடுத்துக்கிட்டிருந்தாங்க. இங்க அபராதம் கிடையாதுன்னதும் சேர்த்துக் கொண்டுவந்துட்டாங்க போல" என்று சாதாரணமாகச் சொல்கிறார். அத்தனையிலும் எங்கள் முத்திரை பளபளவென்று விழுந்திருக்கிறது. கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் கையால் குத்தியது. அழித்துப் பார்த்தேன், தாள்தான் கிழிகிறது. என் வேலைக்காலத்தில் ஒரே ஒரு நாள், யாரையும் சந்தேகப்படாமல் ஒரு காரியம் செய்தேன் மச்சான். அந்த ஊர் நூலகர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தேன், என்னைவிட மோசமாம். அவருடைய ஊர் தங்கள் காவல் நிலைய எல்லைக்குள்தான் வருகிறது. அவர் புகாரோடு வந்தால் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, நல்ல வார்த்தை பேசி அனுப்பிவிடவும். எதையும் எழுதி வாங்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். கிழித்த துண்டுகளை மட்டும் எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கவும். தங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை.