உஷ் பாயும் ஒரு சிடி பிளேயரும்

சத்தத்தை விற்றுப் பிழைத்துக்கொண்டே சத்தத்தை அறவே வெறுத்த மனிதர் சென்னையில் ஒருவர்தான். ராயப்பேட்டையில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடை வைத்திருந்த உஷ் பாய். வாடிக்கையாளர் வாயைத் திறந்தால் ‘உஷ்’. பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவினால் ‘உஷ்’. அவர் கடையைத் தாண்டும்போது ஆட்டோக்கள்கூட அடக்கி வாசிக்கும் என்பார்கள்.

சிடி புதிதாக வந்திருந்த காலம். என்னிடம் பதினாறு வயதுக் கார் ஒன்று இருந்தது. அது போடும் கடகடாவில், மயிலாப்பூரில் மனைவி கேட்ட கேள்விக்கு அடையாறு சிக்னலில் நின்றால்தான் பதில் சொல்ல முடியும். ஒருநாள் அவள் கெடு வைத்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுக்குப் போறோம். நான் பேசறது உங்க காதுல விழணும். விழலன்னா திங்கக்கிழமை வண்டியை வித்துடறோம்.”

வீட்டில் நான் திருப்பின பக்கம் திரும்புகிற ஒரே ஜீவன் அந்த வண்டி. அதை எப்படி விற்பது? கார் கம்பெனியில் போட்டுக் கொடுத்த ரேடியோவைக் கழற்றிவிட்டு சிடி பிளேயர் மாட்டினால், பாட்டில் கடகடா அமுங்கிவிடும் என்று எனக்கு ஞானோதயம். மனைவியின் பேச்சும் சேர்ந்தே அமுங்கும் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

பாயிடம் போய்ச் சொன்னேன்.

“சத்தத்த மூடறதுக்கு இன்னொரு சத்தமா? நாத்தம் அடிச்சா குளிக்கணும் நைனா, சென்ட்டு அடிக்கக் கூடாது.”

ஒரு மணி நேர வேலைக்கு வண்டியை நான்கு நாள் வைத்துக்கொண்டார். டேஷ்போர்டைத் தட்டுவார், காதை வைப்பார், பஞ்சைச் செருகுவார். கதவுக்கும் அதே வைத்தியம். சனிக்கிழமை பிளேயரை மாட்டி, என் சிடியைப் போட்டு, என்னைப் பின்சீட்டில் உட்கார்த்தி, வேகத்தடையாகத் தேடித் தேடி ஏற்றி இறக்கினார். பாட்டு ஓர் இடத்திலும் துள்ளவில்லை. நானும் உற்சாகமாகக் கூடவே பாடினேன்.

பாய் வண்டியை ஓரம் கட்டினார். “பின்னால இன்னாவோ லூஸா கீது.” சீட்டைத் தட்டினார், கதவை ஆட்டினார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நீதானா? உஷ். சுருதி எங்கியோ போய்க்கினு கீது. இதுக்குப் பஞ்சு பத்தாது நைனா.”

ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளி தாண்டியதும் பெருமையாகப் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, பாட்டு வரவில்லை. உள்ளே சிடியே இல்லை. பாய் கடையிலேயே எடுத்து வைத்துவிட்டிருந்தார். போச்சு, வண்டி போச்சு என்று எனக்கு வியர்த்தது.

“ஏங்க,” என்றாள் மனைவி, மெதுவாக.

“என்ன?” என்றேன்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெசன்ட் நகர் வரை அவள் பேச்சை நிறுத்தவேயில்லை. வண்டி தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சிடியை வாங்கிவரப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே என் சிடி ஓட, பாய் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடிக்கொண்டிருந்தார். சுருதி என்னைவிட மோசம்.

‘உஷ்’ என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பாட்டு முடியும்வரை வெளியே நின்றிருந்துவிட்டு, சிடியைக் கேட்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.