ஒத்த வேட்டி, ஓயாத கட்டி

அன்னிக்கு எனக்கு ஒரே வேலைதான். பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போயி, பொண்ணு பாத்துட்டு வரணும்.

ஜப்பான்காரன் காலம். கல்யாணமாகாத ஆம்பளையச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சுட்டுப் போறான், போனவன் திரும்பலன்னு தோட்டம் பூரா அதே பேச்சு. "பொண்டாட்டியா, சயாமா? நீயே முடிவு பண்ணுலா"ன்னுட்டாரு எங்க அக்கா வீட்டுக்காரரு.

"முடிவு பண்ணிட்டேன் மச்சான்"னேன். ஆனா உக்கார முடியலயே!

உக்கார்ற இடத்துல சரியா ஒரு கட்டி. நெல்லிக்காய் கணக்கா. இது முதல் கட்டியும் இல்ல. போன மாசம் தொடையில. அதுக்கு முந்தி இடுப்புல. ஒன்னு உடைஞ்சு ஆறினா, அடுத்தது வேற இடம் பாத்துக் குடிவரும்.

அப்ப துணிப் பஞ்சம் வேற. எங்க லயத்துல, அந்த வீட்டு வரிசை பூராவுக்கும், கிழியாத வேட்டி ஒன்னுதான் மிஞ்சியிருந்துச்சு. ஈப்போ டவுனுக்குப் போறவன் அதைக் கட்டிக்குவான். அவன் வந்து அவுத்தா அடுத்தவன். சவுக்காரம் ஏது? சாம்பத் தண்ணியில ஒரு முக்கு, ஒரு உதறு, கட்டிக்க வேண்டியதுதான்!

அன்னிக்கு என் முறை.

மச்சான் சைக்கிள மிதிச்சாரு. நான் பின்னால. டயருக்குப் பதிலா ரப்பர் குழாய் சுத்தின சைக்கிள்! ரோட்டுல கெடந்த கல்லெல்லாம் என் கட்டியத்தான் நலம் விசாரிச்சுது. பாதி வழியில இறங்கி, கூடவே ஓடினேன்.

பொண்ணு வீட்டுல ஒரு பலகை பெஞ்சு.

"உக்காருங்க மாப்ள"ன்னாரு பொண்ணோட அப்பா.

"இருக்கட்டுங்க மாமா. நிக்கிறேன்."

"அட, உக்காருங்க!"

"பெரியவங்க முன்னாடி உக்காந்து பழக்கமில்லீங்க."

மனுசனுக்கு ஒரே பூரிப்பு. "மரியாதையப் பாத்தியா!"ன்னு சம்சாரத்துக்கிட்ட சொன்னாரு. அந்தப் பூரிப்புலயே என் ரெண்டு தோளையும் பாசமா பிடிச்சு, ஒரே அமுக்கு!

"ஐயோ... அம்மா!"

கத்தின கத்துல கோழியெல்லாம் கூரை ஏறிடுச்சு. கட்டி உடைஞ்சு போச்சு. வேட்டி போச்சு. மரியாதையும் போச்சு. சயாம் ரயில் கூவுறது எனக்குக் காதுலயே கேட்டுச்சு.

மச்சான் சமாளிச்சாரு. "ஒன்னுமில்லீங்க, கட்டி. ஊபி தின்னுற சூடு!" ஊபின்னா மரவள்ளிக்கிழங்கு, அதுதான் எங்களுக்கு அப்ப சோறு. பழியும் அதுமேலதான்.

கதவுக்குப் பின்னால ஒரு சிரிப்பு. பொண்ணு! கையில கோப்பி.

"நம்ம அண்ணனும் இப்படித்தானேப்பா நின்னுக்கிட்டே சாப்பிட்டுச்சு"ன்னுச்சு. அப்புறம் நேரா என்னையக் கேட்டுச்சு. "இந்த வேட்டி யாரோடது?"

"லயத்தோடது."

"லயத்துல வேற யாருக்குக் கட்டி?"

நான் மச்சானப் பாத்தேன். மச்சான் கூரையப் பாத்தாரு. போன வாரம் ஈப்போவுக்கு அந்த வேட்டியக் கட்டிட்டுப் போனதும் அவருதான், ஒரு மாதிரி காலை அகட்டி நடந்துக்கிட்டே திரும்பி வந்ததும் அவருதான்!

"அவரு சீழு உங்களுக்கு, உங்க சீழு அடுத்தவருக்கு. கிழங்கு என்னா பண்ணும்? இனிமே வந்தா பிதுக்காதீங்க. சுடுதண்ணியில துணிய முக்கி ஒத்தடம் குடுங்க, தானா உடையும். தொட்ட கையக் கழுவுங்க. துணியக் கொதிக்க வச்சு அலசுங்க. அடுத்தவங்க துண்டு, வேட்டி வேணவே வேணாம். எங்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லித்தான் அண்ணனுக்குக் கட்டி நின்னுச்சு."

பொண்ணு பாக்கப் போனவன் வைத்தியம் பாத்துட்டு நின்னேன்.

அவ அப்பா மெதுவா இழுத்தாரு. "அப்ப... மாப்ள வேணாமாம்மா?"

"மாப்ள வரட்டும்ப்பா. அந்த வேட்டி வரக் கூடாது."

கல்யாணத்தன்னிக்கு நான் இடுப்புல சுத்தியிருந்தது கோணிச் சாக்கு. குத்துச்சு, அரிச்சுது. ஆனா அது என் சொந்தச் சாக்கு. மணவறையில நிம்மதியா உக்காந்தேன்.