குக்கர்க்காரர் காது

கடலுக்கு அடியில் ஒருதரம் போய் வந்தால்தான் கட்டை வேகும் என்று முடிவு கட்டிவிட்டார் குக்கர் ரிப்பேர்க்காரர். ஆசைக்கு வயசா இருக்கிறது? நீச்சல்குளத்தில் ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தார். துணைக்கு வந்த மனைவியும் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் படகில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. "நான்தான் முதல்ல சேர்ந்தேன்" என்று அதை அவரே பிடித்துக்கொண்டார்.

"ஆழம் போகப் போகத் தண்ணி காதை அழுத்தும். வலிக்கிறதுக்கு முன்னாடியே மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதணும்" என்றார் மாஸ்டர்.

"அழுத்தத்தைப் பத்தி எனக்கேவா!"

இருபது வருஷத் தொழில். விசில் வராமல் யாராவது அடுப்பை அணைப்பார்களா? வலி வரட்டும் என்று காத்திருந்தார். வந்தது பாருங்கள்! அம்மாடியோவ் என்று மேலே வந்தபோது இரண்டு காதும் அடைத்துப்போயிருந்தன.

வீட்டில் மனைவியின் வாய் அசைந்தது, சத்தமே வரவில்லை. பரணைச் சுத்தம் பண்ணச் சொல்கிறாள், பத்து மாதமாகச் சொல்வதுதான். காதில் விழாத வேலையை எவன் செய்வான்? ஆகா, சொர்க்கம்!

புதன்கிழமை காலை காது 'டப்'பென்று திறந்தது. மனிதர் மூச்சு விடவில்லையே!

"என்னங்க, பரண்!"

"ஆமா, நல்ல காத்து" என்று ஃபேனைப் பார்த்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அவர் எதிரிலேயே உட்கார்ந்து மாஸ்டருக்கு போன் போட்டாள்.

"காது இன்னும் அடைப்புதாங்க. பாவம், ரொம்ப ஆசைப்பட்டார்... அவர் இடத்துல நானா? சரிங்க, வந்துடறேன்."

வாயைத் திறந்தால் பரண். மூடினால் கடல் போச்சு. குக்கர்க்காரருக்கு உள்ளுக்குள் விசில் பறந்தது.

"அது என் இடம்!"

"அடடே, கேக்குதா?"

"இ... இப்பத்தான் திறந்துச்சு. இந்த நிமிஷம்!"

"அப்பாடா! அப்போ பரணைச் சுத்தம் பண்ணிடுவீங்கல்ல?"

"பண்றேன், பண்றேன். ஞாயித்துக்கிழமை கடல்?"

"காது திறந்து மூணு நாள் ஆகியிருந்தாத்தான் தண்ணியில இறங்கணுமாம். ஹூம், புதன்கிழமையே திறந்திருந்தா நீங்களே போயிருக்கலாம்" என்று உச்சுக்கொட்டினாள் மகராசி.

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடலுக்கு அடியில் மூக்கைப் பிடித்து ஊதினாள். அதே நேரம் அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், பரண் மேல், தூசி தாங்காமல்.