ஹீலியம் கொண்டுபோன சீர்

வேதியியல் படித்தவனைத் தாய்மாமனாக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் இரண்டுமாக இருந்து அவமானப்பட்டவன்.

அப்போது கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போவேன். பக்கத்து சீட்டுக்காரர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், "உள்ள இருக்கது வெறும் காத்து இல்லங்க, நைட்ரஜன். அதான் நமுத்துப் போகல" என்று ஆரம்பித்துவிடுவேன். (அவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போவதை மரியாதை என்று நினைத்திருக்கிறேன்!)

தங்கை செல்வியை அரிமளத்தில் கொடுத்திருந்தோம். அவள் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும் தாய்மாமன்தான், தோடு கொண்டுவர வேண்டியதும் அவன்தான். அதில் குறை வந்தால் தங்கைக்குப் புகுந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சு. எல்லோரையும் போல நானும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கோ தோடு வானத்திலிருந்து இறங்க வேண்டும்.

இருப்பதிலேயே லேசானது ஹைட்ரஜன்தான். ஆனால் சூடம் கொளுத்தும் இடத்தில் அது பற்றிக்கொள்ளும். ஹீலியம் பற்றாது, எதோடும் சேராது, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் தூக்கும். எவ்வளவு நல்ல வாயு! கணக்குப் போட்டு (கெத்துக்காக ஒரு பலூன் கூடுதலாக), தோட்டுப் பையை பலூன்களில் கட்டி, நூலை விரலிடுக்கில் பிடித்தபடி மணையில் உட்கார்ந்தேன். தோடு தலைக்குமேல் மிதந்தது. கூட்டமே வாயைப் பிளந்தது.

ஆசாரியைக் கண்டதும் பிள்ளை வீறிட்டுத் துள்ளியது.

"அண்ணே, ரெண்டு கையாலயும் புடிண்ணே!" என்று செல்வி கத்தினாள்.

பிடித்தேன், இரண்டு கையாலும். நூலை யார் பிடிப்பது என்பது மட்டும் என் கணக்கில் இல்லை.

தோடு புளியமரத்தைத் தாண்டியது. நாலைந்து பேர் கீழே ஓடினார்கள். ஹீலியம் அவசரப்படாமல் மேலே போனது. பிள்ளை அழுகையை நிறுத்திக் கைதட்டியது. செல்வி கண் கலங்கி மாமியாரைப் பார்த்தாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அந்த அத்தை நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார். "அங்கிட்டு யாருக்குக் காதுகுத்தோ! விடுங்க தம்பி. மோதிரம் போட்டிருக்கீங்கல்ல? ஆசாரி, அதை வெட்டி வளையம் பண்ணுங்க. மாமன் தங்கம்தானே வேணும்?"

என் கல்யாண மோதிரம் அங்கேயே இரண்டு வளையமானது, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக. அந்த அம்மாளின் புத்திக்கு முன்னால் நான் படித்த படிப்பெல்லாம் எம்மாத்திரம்! செல்வி சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ. பரீட்சையில் ஹீலியத்தின் பயன்கள் மூன்று கேட்டிருக்கிறார்கள். பலூன் நிரப்ப, ஸ்கேன் மெஷினைக் குளிர்விக்க என்று எழுதிவிட்டு, மூன்றாவதாக 'தாய்மாமன் சீர் அனுப்ப' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டு விசாரித்து, முழுக் கதையையும் கேட்டு, முழு மார்க்கும் போட்டுவிட்டாராம். விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி:

'மாமாவை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.'