நீலத்தில் நின்ற முகம்

“பப்பா, நீங்கள் இப்ப கடலுக்குள்ள நிக்கிறியள்.”

றொஷேல் ரொறொன்ரோவிலிருந்து இதைச் சொன்னபோது, அவள் தகப்பன் அம்புறோஸ் விடத்தல்தீவில் தன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. கடலுக்குள் கோழி மண் கிளறியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

“என்ன பிள்ளை விசர்க்கதை? நான் வீட்டில இருக்கிறன்.”

“வீட்டில இருக்கிற ஆளின்ர முகம் போன் மப்பில ஏன் நீலத்துக்குள்ள நிக்குது? மூண்டு நாளாப் பாக்கிறன். ஒவ்வொரு நாளும் காலமை கடல். பத்து மணிக்குத்தான் வீடு.”

“பிள்ளை, அந்தோனியார் மேல ஆணையா...”

“அந்தோனியாரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ!”

அம்புறோசுக்கு அறுபத்திரண்டு வயது. ஐந்து மாதத்துக்கு முன் நெஞ்சு அடைத்து, கொழும்பில் கொண்டுபோய் உள்ளே ஒரு கம்பிச்சுருள் வைத்தார்கள். “கொஞ்ச நாளைக்குக் கடலுக்குப் போகவேண்டாம்” என்று டொக்டர் சொன்னார். மகள் அதைச் “சாகும்வரைக்கும்” என்று விளங்கிக்கொண்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது தாய்க்கொன்று தகப்பனுக்கொன்றாக, அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி இரண்டு போன் கொண்டுவந்தாள். தகப்பனுடையதில் என்னவோ தட்டினாள். அவருடைய படம் ஒரு வட்டத்துக்குள் வந்து மப் என்கிற தேசப்படத்தில் குந்தியது. போன் எங்கே போகுதோ அங்கே அந்த முகமும் போகும், அதை அவள் கனடாவிலிருந்து பார்ப்பாள்.

போகும்போது ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனாள். “முகம் தரையில நிண்டாப் பிரச்சினை இல்லை. நீலத்தில நிண்டா, போட்டை வித்துப்போடுவன். வாங்கித் தந்தவள் நான்தானே!”

போட்டை விற்பதற்கு அம்புறோஸ் வீட்டை விற்றுவிடுவார். இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்தபோது ஊரில் சுவர் இருந்த வீட்டுக்குக் கூரை இல்லை, கூரை இருந்த வீட்டுக்குக் கதவு இல்லை. அந்த நேரத்தில் மகள் உழைத்து அனுப்பிய காசில் வந்த போட் அது. முன்பக்க அணியத்தில் தன் கையாலேயே ‘றொஷேல்’ என்று சிவப்பில் எழுதினார். இப்போது றொஷேலே றொஷேலை விற்கப்போகிறாளாம். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அதுவும் செய்யாத குற்றத்துக்கு! கொடுத்த வாக்குக்கு மனுசன் கணுக்கால்கூட நனைக்கவில்லை. மனைவி அன்ரோனெற் அவருக்குக் கடல் ஆசை வரக்கூடாதென்று, போட்டைத் தன் தம்பியைக்கொண்டு கண்டல் காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓடைக்கு மாற்றிவிட்டாள். கண்ணில் படாவிட்டால் மனமும் கெடாதாம். நாலு நாளைக்கு முன் அம்புறோஸ் கிணற்றுக்கட்டில் போனைப் போட்டு அதன் கண்ணாடியை உடைத்தபோது, மகள் பேசுவாள் என்று பயந்து அதையும் அவள்தான் மூடி மறைத்தாள். “உடைஞ்ச கண்ணாடியில உங்களுக்கு எழுத்துத் தெரியாது. என்ரயை வச்சிருங்கோ, எனக்கு ஹலோ சொல்ல அது காணும்” என்று கடையில் கொடுத்துச் சிம் இரண்டையும் மாற்றிப் போட்டுத் தந்தாள். போதாக்குறைக்கு, அவருடைய சுகத்துக்காக நாற்பது நாள் காலைப்பூசைக்கு நேர்த்தி வைத்து, விடியமுன் வெளிக்கிட்டால் பத்து மணிக்குத்தான் வருவாள். பூசை ஒரு மணித்தியாலம், மிச்சம் செபமாலை. ஆயர்கூட அவ்வளவு நேரம் செபிக்கமாட்டார்.

“உமக்கு நம்பிக்கை இல்லையெண்டா வீடியோவில வாரும். முற்றத்தைக் காட்டுறன்” என்றார் அம்புறோஸ் மகளிடம்.

வீட்டில் குரல் வரும், படம் வராது. படம் வரவேண்டுமென்றால் இறங்குதுறைக்குப் போகவேண்டும். ஊரில் சிக்னல் ஒழுங்காக எடுக்கிற ஒரே இடம் அதுதான். அம்புறோஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். போய்ச் சேர்ந்த பிறகுதான், தான் கடலில் இல்லை என்று காட்டுவதற்குக் கடற்கரைக்கு வந்து நிற்பது அவருக்கு உறைத்தது.

அங்கே எருக்கலம்பிட்டி அப்துல் றசாக் மோட்டார்சைக்கிளில் ஐஸ்பெட்டியோடு நின்றார். கரைக்கு வருகிற நண்டையெல்லாம் நிறுத்து வாங்கிப் போகிறவர் அவர்தான்.

“அக்கா இன்னும் வரல்லியா அண்ணே?” என்றார் றசாக்.

“அவ பூசைக்குப் போட்டா. பத்து மணியாகும்.”

றசாக் வாய்விட்டுச் சிரித்தார். “நல்ல பூசைதான் அண்ணே. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.”

வேற்று மதத்தவரானாலும் நல்ல மனசு என்று நினைத்தபடி அம்புறோஸ் போனைத் தூக்கிப் பிடித்தார். படம் தெளிவாக வந்தது.

“பாத்தியா பிள்ளை? தரையில நிக்கிறன்.”

“பின்னால என்ன?”

அம்புறோஸ் திரும்பிப் பார்த்தார். பின்னால் கடல். கடலில் நாலு போட். பக்கத்தில் றசாக், யாரோ கொடுத்த நண்டுக் கூடையைத் தூக்கிப் பிடித்தபடி கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“பிடிச்ச நண்டை விக்கிறதையும் காட்டுறியள்!” என்று றொஷேல் அழுதாள். “ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு போட் இல்லை.”

அடுத்த நாள் மன்னாரில் கிளினிக். அம்புறோஸ் அதைக் கடவுள் கொடுத்த சந்தர்ப்பமாக எடுத்தார். பஸ்ஸில் இருக்கிறவனைக் கடலில் இருக்கிறான் என்று எவளாலும் சொல்லமுடியாது. அவரே மகளுக்கு வீடியோவில் எடுத்தார்.

“பிள்ளை, இப்ப நான் பஸ்ஸில. கிளினிக்குக்குப் போறன். பாரும் மப்பை.”

“பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். கடல்.”

“வடிவாப் பாரும்!”

“வடிவாத்தான் பாக்கிறன். சுத்தி நீலம். எங்க, யன்னலால காட்டுங்கோ.”

அவர் அவசரத்தில் எங்கே வந்திருக்கிறோம் என்று பார்க்காமல் போனை யன்னலுக்கு நேரே நீட்டினார். பஸ் அப்போதுதான் கடலை ஊடறுத்துத் தீவுக்குப் போகிற தாம்போதியில் ஏறியிருந்தது. யன்னல் நிறையத் தண்ணீர்.

“ஐயோ பப்பா!”

“பொறு பிள்ளை, மற்றப் பக்கம் காட்டுறன்!”

பக்கத்தில் இருந்த ஆசிரியையின் மடிக்கு மேலாகக் கையை நீட்டி மற்றப் பக்கத்தைக் காட்டினார். அங்கேயும் தண்ணீர். இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு வேலிக்கட்டையாவது நட்டு வைக்காத அரசாங்கத்தை அம்புறோஸ் மனதுக்குள் திட்டினார். ஆசிரியை அவரை வாயாலேயே திட்டினாள். போன் கட்டாகியது. கிளினிக்கில் பிறசர் பார்த்த நேர்ஸ் இரண்டாம்தரமும் பார்த்துவிட்டு, “ஐயா, வீட்டில ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டாள்.

“வீட்டில இல்லைப் பிள்ளை. நீலத்தில” என்றார் அம்புறோஸ்.

அன்று மத்தியானம் அன்ரோனெற்றிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பூசைக்குப் போய்வந்த களைப்பில் முகம் கறுத்துப்போய் இருந்தாள். இருந்தாலும் போட் விற்கிற கதை என்றதும் நிமிர்ந்தாள்.

“போட்டை விக்க நான் விடமாட்டன். ஆர் சொன்னாலும் விடமாட்டன்” என்றாள்.

அம்புறோசுக்குக் கண் கலங்கியது. முப்பத்தைந்து வருசம் “கடல், கடல் எண்டு சாகிறியள்” என்று கரிச்சுக் கொட்டினவள், அவருடைய ஆசைக்காக இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறாள். இப்படியொரு மனுசிக்காகவாவது இந்த முகத்தைக் கரைசேர்க்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இலுப்பைக்கடவைக்குப் போனார். அங்கே சிவராசா இருந்தார். முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர், வயல்காரன், கடலைக் கண்டால் தலைசுற்றுகிற ஆள். சாட்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

“வயல் நடுவில நிண்டு கதைப்பம்” என்றார் அம்புறோஸ்.

“வயலுக்குள்ள சிக்னல் இல்லை” என்றார் சிவராசா. “குளக்கட்டில ஏறினா நல்லா எடுக்கும்.”

அம்புறோஸ் ஒரு நிமிசம் தயங்கினார். ஆனால் குளம் குளம்தானே, கடல் இல்லையே என்று ஏறினார். தை மாத மழைக்கு நிரம்பிய குளம், கரை தெரியாமல் கிடந்தது. காற்றுக்கு அலைகூட அடித்தது. மகளை வீடியோவில் அழைத்ததும் சிவராசா போனை வாங்கி, வழக்கமாக மாட்டை விரட்டுகிற குரலில் பேசினார்.

“பிள்ளை றொஷேல், நான் சிவராசா மாமா! உங்கட அப்பா என்னோடதான் நிக்கிறார்!”

“மாமா, அவற்ற முகம் இப்பவும் கடலுக்குள்ள நிக்குது.”

“அது குளம் பிள்ளை!”

“குளத்துக்கும் கடலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதே? பின்னால அலை அடிக்குது!” றொஷேலின் குரல் உடைந்தது. “உங்களுக்குக் கடலெண்டாத் தலை சுத்தும் எண்டு பப்பா சொல்லுறவர். உங்களையுமா போட்டில ஏத்திக்கொண்டு போனவர்?”

சிவராசா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குந்தினார். அலையைப் பார்த்தபடி அதைக் கேட்டதில் அவருக்கு உண்மையிலேயே தலை சுற்றியது.

“பப்பா” என்றாள் றொஷேல், இப்போது கோபம் இல்லாமல். “எனக்குப் போட் பெரிசில்லை. அண்டைக்கு ஆசுப்பத்திரியில உங்களை வெள்ளைச் சீலையால மூடிக் கொண்டுபோகேக்க நான் இங்க வேலையில நிண்டனான். அந்தப் படத்தை ஆரோ அனுப்பினவை. இன்னொருக்கா அப்பிடி ஒரு படம் வந்தா நான் தாங்கமாட்டன். போட்டை வாங்க ஆள் வந்திட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போட்டைக் குடுங்கோ.”

அவள் மேல் கோபம் வரவில்லை என்பதுதான் அம்புறோசுக்குப் பெரிய துன்பமாக இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று விட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் வெள்ளம் என்ற சொல்லே அப்போது அவருக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் படுத்திருந்து யோசித்தார். தண்ணீர் இல்லாத இடம் வேண்டும். சுற்றிவரப் பத்துக் கட்டைத் தூரத்துக்குக் கடல், களப்பு, தாம்போதி ஒன்றும் இருக்கக்கூடாது. பார்த்தவுடன் அவளுக்கு அடையாளம் தெரியவேண்டும். அங்கே நின்று பொய் சொல்லமாட்டார் என்று அவள் நம்பவும் வேண்டும். சாமத்தில் கனவு கண்டு எழும்பியவன் மாதிரித் துள்ளி எழுந்து இருந்தார்.

“மடு!”

ஞாயிறு விடியப் பஸ் மாறி மாறி, ஏழரை மணிக்கு மடுமாதா கோயில் வளவில் போய் இறங்கினார். காட்டுக்கு நடுவில் கோயில். ஆள் குறைவு. நல்ல வெயில். முன்னெச்சரிக்கையாகத் தண்ணீர்த் தாங்கி இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டாமல் நின்றார். கோயில் முகப்பு முழுவதும் தன் தலைக்குப் பின்னால் விழும்படி நின்று, போனை நீட்டிப் பிடித்து, மகளை அழைத்தார்.

“றொஷேல், பின்னால பாரும்.”

“மடுக்கோயில்...” அவள் வாய் பிளந்தது.

“நான் ஆருக்கு முன்னால நிக்கிறன்?”

“மாதாவுக்கு முன்னால.”

“இப்ப சொல்லும். மப்பில நான் எங்க?”

அவள் வேறெதையோ தட்டிப் பார்ப்பது தெரிந்தது. அம்புறோசின் நெஞ்சுக்குள் கம்பிச்சுருளும் சேர்ந்து அடித்தது.

“கடலில” என்றாள் றொஷேல் மெல்ல. “பப்பா, நீங்கள் மடுவில நிக்கிறியள். ஆனா உங்கட முகம் விடத்தல்தீவுக் கடலுக்குள்ள நிக்குது. இப்ப அசையவும் செய்யுது.”

“பாத்தீரோ!”

“மப்புக்குத்தான் விசர்!” றொஷேல் விம்மி விம்மி அழுதாள். “பாவம் பப்பா நீங்கள். நான் உங்களைப் பொய்யன் எண்டு நினைச்சிட்டன். போட்டை விக்கேல்லை. ஆளுக்கு இப்பவே சொல்லுறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“சரி, சரி, அழாதையும். மிசினை நம்பினா இப்பிடித்தான்.”

அம்புறோஸ் அந்த இடத்திலேயே முழந்தாளிட்டார். ஐந்து நாளாகக் கடலும் குளமும் தாம்போதியும் சேர்ந்து அவரை அமிழ்த்தப் பார்த்தன. மாதா ஒரே நிமிசத்தில் கரையேற்றிவிட்டாள். ‘றொஷேல்’ இனி எங்கேயும் போகாது. நெஞ்சு தேறியதும் அதில் தான் போகிற நாளை நினைத்துப் பார்த்தார், சந்தோசத்தில் மூக்கு ஒழுகியது.

இந்தச் செய்தியை முதலில் கேட்கவேண்டியவள் அன்ரோனெற். மணி எட்டரை. கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள், போனை எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தார். நாலாவது மணிக்கு மறுபக்கம் பதில் வந்தது. பெண்குரல் இல்லை.

“ஆரு, அம்புறோஸ் அண்ணேயா? நான் றசாக். அக்கா இப்பதான் போட்டைக் கட்டிக்கொண்டு நிக்கிறா, கை ஈரம், அதான் போனை நான் எடுத்தன். இண்டைக்கும் இருவது கிலோ நண்டு அண்ணே! கோவிக்காதீங்க, நீங்க கடலுக்குப் போன காலத்தில ‘றொஷேல்’ ஒருநாளும் இவ்வளவு கொண்டுவந்ததில்ல!”