நான் வளர்த்த மீன்குட்டிகள்

எங்கள் குடியிருப்பின் டெங்கு ஒழிப்புக் குழுவுக்கு நான் தலைவனாக இருந்தது மொத்தம் பதினோரு நாள். குழுவில் வேறு யாரும் கிடையாது. என்னைத் தேர்ந்தெடுத்தவனும் நானேதான். (பதவி போனது மட்டும் ஊரறிய நடந்தது.)

அப்போது நாங்கள் மண்ணூர்பேட்டையில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். ரேவதிக்கு ஏழாம் மாதம். தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு என்று தெரிந்ததும் டாக்டர், "இந்த நேரத்துல டெங்கு வந்தா சிக்கல். பகல்ல கடிக்கிற கொசு, ஜாக்கிரதை" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் அடுத்தவர்களுக்குப் புத்தி சொல்வேன்.

வீட்டிலிருந்தே வேலை என்பதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. எட்டு வீட்டிலும் ஏறி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடித் தேங்காய்மூடி என்று எல்லாவற்றையும் சோதனை போட்டேன். அது முடிந்ததும் பக்கத்து மனை ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் அங்கே நெல் விளைத்த குடும்பம். இப்போது இரண்டு மாடும் ஒரு கழுநீர்த் தொட்டியும் மிச்சம்.

"இந்தத் தொட்டிதான் ஆபத்து அண்ணே. நல்ல தண்ணியிலதான் டெங்கு கொசு முட்டை போடும்."

"அது இன்னான்னா நைனா..." என்று அவர் ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. இருபது நிமிடம் பேசினேன். மாடுகள்கூடப் பொறுமையாகக் கேட்டன.

கொசுப்புழுவை மீன் தின்னும் என்று எங்கோ படித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் பாடிக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி கப்பி மீன் வாங்கி வந்தேன். "இது முட்டை போடாது மாமே, குட்டி போடும். ஒரே மாசத்துல தொட்டி ரொம்பிடும்" என்றார் கடைக்காரர். பால்கனியில் ரேவதி காற்று வாங்கும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒரு அகலமான மண்தொட்டி வைத்து மீன்களை விட்டேன்.

ஒரே வாரம். மீன்கள் இரண்டையும் காணோம். ஆனால் தண்ணீர் முழுக்கப் பொடிப்பொடியாக நெளிகிறது. நான் கத்திய கத்தலில் ரேவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"குட்டி போட்டிருக்கு!"

"பெரிய மீன் எங்கங்க?"

"பிரசவக் களைப்பு. அடியில படுத்திருக்கும்."

(கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

குட்டிகள் தலைகீழாகத் தொங்கின. சுறுசுறுப்பு என்று மகிழ்ந்தேன். இரண்டு வேளை தீனி போட்டேன். மூன்றாம் நாள், இந்தச் செல்வத்தை நாமே வைத்துக்கொள்ளலாமா என்று மனம் கேட்கவே, ஊறுகாய் பாட்டில்களில் நிரப்பி வீடு வீடாகக் கொடுத்தேன். கூடவே அறிவுரையும் கொடுத்தேன்: தண்ணீரை மாற்றாதீர்கள், குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. மூடி போடாதீர்கள், மூச்சு முட்டும். நிழலில் வையுங்கள். டெங்குக் கொசுவே வந்து கேட்டிருந்தாலும் இதைவிட நல்ல ஏற்பாடு செய்திருக்க முடியாது.

ஏகாம்பரம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா நைனா, மீனுக்கு மூஞ்சியே காணோம்?"

"சின்னக் குட்டி அண்ணே. போகப் போக வரும்."

மறுநாள் காலை, கொசு ஒழிப்புப் பணியாளர் செல்வி அக்கா டார்ச்சும் கரண்டியுமாக வந்தார். எல்லோரும் அவரைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். நான் மட்டும் சிவப்புக் கம்பளம் விரிக்காத குறையாக பால்கனிக்கு அழைத்துப்போனேன்.

"கொசுப்புழு திங்கிற மீன்க்கா. இப்பதான் குட்டி போட்டிருக்கு."

அவர் டார்ச் அடித்தார். குட்டிகள் சரசரவென்று அடிக்குப் போயின.

"கூச்ச சுபாவம்" என்றேன்.

"சார், இத்த எத்தினி நாளா வச்சிகினு கீறீங்க?"

"நாலு நாளா. ரெண்டு வேளை தீனி போடறேன்."

"தீனியா?" செல்வி அக்கா ரேவதியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், இது கொசுப்புழு சார். டெங்கு கொசு. ரெண்டு நாள் உட்டா பறந்துடும்."

"அப்போ மீன்?"

"மீனு இருந்தா புழு எப்டி சார் இருக்கும்?"

பதினோரு நாளில் நான் கேட்ட முதல் அறிவான பேச்சு அதுதான். தொட்டியைத் தூக்கிப்போய்ச் சுடுவெயில் தரையில் கவிழ்த்தார். பிறகு திரும்பிக் கேட்டார், "இது ஒண்ணுதான சார்?"

ரேவதிதான் ஊறுகாய் பாட்டில் கணக்கைச் சொன்னாள்.

செல்வி அக்கா முன்னே போக, நான் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். மூன்றாவது வீட்டில் என் குட்டிகளுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். கடைசியாக ஏகாம்பரம் வீடு. "நேத்தே வெயில்ல கொட்டிட்டேன். மூஞ்சி இல்லாத மீனு இன்னா மீனு?" என்றார். கழுநீர்த் தொட்டியை எட்டிப் பார்த்த செல்வி அக்கா, இந்தத் தெருவிலேயே இதுதான் சுத்தம் என்றார்.

"தெனம் காலைல கவுத்து தேச்சிட்டுதான் தண்ணி ஊத்துவேன். அன்னிக்கு அத்ததான் சொல்ல வந்தேன், இவரு எங்க உட்டாரு?"

சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. அன்று மாலையே ரேவதிக்கு உடம்பு சுட்டது. அவளுடைய ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரம் என் வாழ்நாளில் மறக்காது. என் கையால் தீனி போட்டு வளர்த்ததுதான் அவளைக் கடித்திருக்கும் என்று நினைத்து அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். டெங்கு இல்லை, வெறும் சளிக் காய்ச்சல் என்று வந்தது. டாக்டர் மூன்று நாள் கழித்து இன்னொரு முறை பார்த்து, அதையே உறுதியாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு மாதம் கழித்து மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏகாம்பரத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, பெண் குழந்தை!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா பாத்தியா நைனா? கொயந்ததானே?"

உள்ளே ரேவதி சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் எங்கள் இருவரையும் படி இறங்கும்வரை துரத்தினார். இன்றுவரை எங்கள் வீட்டில் நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும் முதல் கேள்வி "நல்லா பாத்தீங்களா?" என்பதுதான். போன மாதம் பதவி உயர்வுக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். ரேவதி உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்து, அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொன்னாள்.